மியாற்றாவின் கியர் லீவரைக் கழற்றிப் பூட்டிய கதை

ஏப்ரல் கடைசியில், குளிர்காலம் முழுக்கப் போர்வை போர்த்தி கராஜில் கிடந்த காரை வெளியே எடுத்து ஓடிய முதல் நாளே வலது காலில் சூடு பட்டது. ஹீற்றர் போடவில்லை. வெளியே ஏழு பாகைதான். ஆனாலும் கியர் லீவரைச் சுற்றியிருக்கும் தோல் உறையின் ஓரத்தால் யாரோ ஊதுவதுபோல் சுடுகாற்று வந்துகொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். புகைக்குழாயின் மணமும் மெல்லிய ஒயில் மணமும் கலந்திருந்தன.

கார் 1992ஆம் ஆண்டு மஸ்டா மியாற்றா. 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், இரண்டு பேருக்கு மட்டும் இடம். 1989 பெப்ரவரியில் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அதே தலைமுறை, மூடித் திறக்கும் முன்விளக்குகளுடன். ஹிரோஷிமாவில் செய்யப்பட்ட இந்தச் சின்ன வண்டியை ரொறன்ரோவின் உப்புத் தெருக்களில் இத்தனை வருடம் உயிரோடு வைத்திருப்பதே ஒரு வேலை. நவம்பரில் உள்ளே போனால் உப்பை மழை கழுவிய பிறகுதான் வெளியே வரும்.

இந்தக் காரை விரும்புகிறவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முதலில் சொல்வது எஞ்சினைப் பற்றி அல்ல, கியரைப் பற்றி. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், லீவர் ஒரு சிறு சத்தத்தோடு அடுத்த கியரில் போய் உட்காரும். இதை வடிவமைத்தவர்கள் "ஜின்பா இத்தாய்" என்ற சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். குதிரையும் அதில் ஏறியிருப்பவனும் ஓருடலாக இருப்பது என்பது அதன் பொருள். முன்சில்லால் இழுபடும் கார்களில் கியர் லீவருக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் நீண்ட கம்பிகளோ கேபிள்களோ இருக்கும். மியாற்றாவில் அப்படி எதுவும் இல்லை. எஞ்சின் முன்னால் நெடுக்காக இருக்கிறது, அதன் பின்னால் கியர் பொக்ஸ், அந்தப் பொக்ஸின் வால் சரியாக நம் கைக்குக் கீழே வந்து முடிகிறது. லீவர் நேராக அதற்குள் இறங்குகிறது.

என்னுடையதில் அந்த உணர்வு எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற ஒன்றைக் கை கவனிப்பதில்லை. இப்போது சூடு வந்த பிறகுதான் மற்றவற்றையும் கூர்ந்து கவனித்தேன். மூன்றாம் கியரில் வைத்துவிட்டு லீவரை இடம் வலமாக ஆட்டினால் இரண்டு விரல் அகலம் சும்மா ஆடியது. எஞ்சின் நாலாயிரம் சுற்றை நெருங்கும்போது லீவர் தேனீபோல் இரைந்தது. உள்ளங்கையை மேலே வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மீண்டும் இரையும்.

போன இலையுதிர் காலத்தில், கியரில் ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லி ஒரு கராஜில் காட்டியிருந்தேன். ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, பொக்ஸின் உள்ளே தேய்ந்துவிட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, காரின் விலையில் பாதிக்குமேல் வருகிற ஒரு தொகையை எழுதித் தந்தார்கள். லீவரின் உறையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. பொக்ஸை இறக்குவது என்றால் அதையும், பின்சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலையும் இணைத்துக்கொண்டு காரின் நடுவே ஓடும் நீண்ட அலுமினியச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். அவ்வளவு பெரிய வேலையைச் சொல்வதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து மேலே இருப்பதைப் பார்த்திருக்கலாம்.

லீவர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளங்கினால் பழுது தானாகவே தெரியும். லீவரின் கீழ்ப்பகுதியில் ஓர் உருண்டை இருக்கிறது. அது பொக்ஸின் வாலில் உள்ள ஒரு கிண்ணத்தின் வாயில் உட்கார்ந்து திரும்பும். உருண்டைக்கும் கீழே ஒரு குட்டை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாம் மேலே பிடியை முன்னால் தள்ளினால் மூக்கு பின்னால் போய், அங்கே ஓடுகிற தண்டின் குழியைத் தள்ளும். அந்தத் தண்டுதான் உள்ளே கியரை மாற்றுகிறது. மூக்கின் நுனியில் பெருவிரல் நுனியளவு ஒரு நைலோன் தொப்பி மாட்டப்பட்டிருக்கும், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க. லீவரின் மேற்பகுதி அந்த மூக்கைவிடப் பல மடங்கு நீளம். ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், தொப்பியில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் கையில் ஐந்து மில்லிமீற்றர் ஆட்டம் தெரியும். முழுத் தொப்பியும் போனால் எவ்வளவு ஆடும் என்பதை நான் இரண்டு விரலால் அளந்திருந்தேன்.

கிண்ணத்தின் வாயை ஒரு சின்ன றபர் உறை மூடுகிறது. அதற்கு மேலே, காரின் தரையில் உள்ள துவாரத்தை ஒரு பெரிய றபர் உறை மூடுகிறது. அதற்கும் மேலே நாம் பார்க்கிற தோல் உறை. கீழே பக்கத்திலேயே புகைக்குழாய் ஓடுவதால் இரண்டு றபரும் முப்பது வருடமாகச் சூட்டிலேயே வேகின்றன. சுடுகாற்று மேலே வந்தால் பெரியது கிழிந்திருக்கிறது. ஒயில் மணம் வந்தால் சின்னதும் போய்விட்டது.

இரண்டு றபர் உறைகளையும் நைலோன் தொப்பியையும் சேர்த்து வாங்கினேன். 75டபிள்யூ-90 கியர் ஒயில் ஒரு போத்தல், ஜிஎல்-4 வகை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது ஜிஎல்-5. டிஃபரன்ஷலுக்கு அது நல்லது. ஆனால் அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பொக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியது. போத்தலில் உள்ள இலக்கத்தைச் சரியாகப் படித்து வாங்குங்கள்.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். கார் முதல் நாள் இரவிலிருந்து ஓடவில்லை, குழாய் நன்றாக ஆறியிருந்தது. ஹண்ட் பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தேன். லீவர் வெளியே வந்த பிறகு காரைக் கியரில் நிறுத்தி வைக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. பிறகு லீவரை நியூற்றலில் விட்டேன். பற்றறி இந்தக் காரில் முன்னால் இல்லை, பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. அதன் கறுப்பு வயரைக் கழற்றினேன், நடுக்கொன்சோலில் கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிச்சின் வயர்கள் இருப்பதால்.

லீவரின் பிடி சாதாரண மரையில் இருக்கிறது, இடப்பக்கமாகத் திருப்பினால் கழல வேண்டும். கழலவில்லை. குறடு போட்டால் பிடி நாசமாகிவிடும். சமையலறையில் போத்தல் திறக்க வைத்திருக்கும் றபர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். மூன்றாவது முறை விட்டது.

கொன்சோலின் ஸ்குறூக்கள் முன்பக்கம் இரு ஓரங்களிலும், நடுப்பெட்டியின் மூடிக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்ததும் பின்பக்கத்தைத் தூக்கி, சுவிச்சின் வயரைக் கழற்றி, லீவருக்கு மேலாக முழுவதையும் உருவ வேண்டும். கழலாவிட்டால் இழுக்காதீர்கள். எங்கோ ஒரு ஸ்குறூ மிச்சம் இருக்கிறது என்று பொருள். இந்த வயதில் அந்தப் பிளாஸ்ரிக் பிஸ்கற் போல உடையும். அடியில் ஏழு செப்பு நிற ஒரு சத நாணயங்கள் கிடந்தன. கனடா அவற்றை விநியோகிப்பதை நிறுத்தியே 2013இல். எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவரின் கையிலிருந்து விழுந்தவையாக இருக்கும். கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

கொன்சோல் போனதும் பெரிய றபர் உறை முழுதாகத் தெரிந்தது. மடிப்பு ஒன்றின் வழியே பாதிச் சுற்றுக்குப் பிளந்திருந்தது. விரலை விட்டால் நேராகக் கீழே சூட்டுத் தகடு தட்டுப்பட்டது. அதை ஓர் இரும்பு வளையம் நாலு போல்ற்றால் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. எல்லாமே 10 மில்லிமீற்றர் சொக்கற்தான். மூன்று உடனே கழன்றன. ஒன்று துருப்பிடித்து முனகியது. துரு இளக்கும் ஒயிலை அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வந்து மெல்லமாக ஒரு கால் சுற்று முன்னால், ஒரு கால் சுற்று பின்னால் என்று ஆட்டி எடுத்தேன். அவசரப்பட்டு இதை முறித்திருந்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது சின்ன உறை. இதைத் திறக்கும் முன் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வது இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம் என்று நான் நினைக்கிறேன். முப்பது வருட மண்ணும் றபர்த் தூளும் கிண்ணத்தைச் சுற்றி ஒயிலில் ஊறி ஒரு பசையாக நின்றன. திறந்த பிறகு அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் கியரை மாற்றும் தண்டின்மேல்தான் விழும். தூசி உறிஞ்சியால் இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் மூன்று தரம் துடைத்தேன். அரை மணித்தியாலம் போனது.

சின்ன உறை கிழிந்திருக்கவில்லை, அறுந்தே போயிருந்தது. மேல்பாதி லீவரோடும், கீழ்ப்பாதி அதைக் கிண்ணத்தின் வாயில் பிடித்திருக்கும் தகட்டோடும் தனித்தனியே நின்றன. தகட்டின் மூன்று போல்ற்றையும் எடுத்து, லீவரை மெல்ல ஆட்டி மேலே இழுத்தேன். சேற்றிலிருந்து காலை எடுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. உருண்டையோடு வந்த வளையங்களை வந்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன்.

மூக்கைத் திருப்பிப் பார்த்தால் வெறும் இரும்பு. தொப்பி இல்லை.

அந்த நேரம்தான் சித்தப்பா வந்தார். மூன்று வீடு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கார் திருத்தும் கராஜில் இருபது வருடத்துக்குமேல் வேலை செய்தவர். ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று அங்கே கலியாண வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஆட்களை ஏற்றிய பிரித்தானியக் கார்கள்தான் அவருடைய உலகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"உது மைனரிலயும் உப்பிடித்தான் தம்பி. கம்பி, உருண்டை, மேலை ஒரு மூடி. நுனி தேஞ்சா கஞ்சிக்கை அகப்பை விட்ட மாதிரித்தான் இருக்கும்."

"தொப்பியைக் காணேல்லை சித்தப்பா."

"காணாமல் எங்கை போறது. உள்ளுக்கைதான் கிடக்கும். லைற்றைப் பிடி."

ரோர்ச்சைப் பிடித்தோம். கிண்ணத்தின் அடியில் கரிய ஒயில், அதில் மங்கலாக வெள்ளையாக ஏதோ. காந்தக் கம்பியை எடுத்தேன். "நைலோனைக் காந்தம் பிடியாது, பொறு," என்றுவிட்டு வீட்டுக்குப் போனவர் இரண்டு ஈர்க்கோடு திரும்பி வந்தார். தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாற்றிலிருந்து உருவியது. நுனியில் கெட்டிக் கிறீஸை ஒரு பட்டாணியளவு உருட்டி ஒட்டி, கிண்ணத்துக்குள் இறக்கி, துண்டின்மேல் மெல்ல அமர்த்தித் தூக்கினார். ஒட்டிக்கொண்டு வந்தது. குறட்டு நுனி போகாத மூலைக்கெல்லாம் ஈர்க்கு வளைந்து போனது.

மூன்று துண்டு வந்தது. சரி, முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"எண்ணினியோ?"

"மூண்டு."

"எண்ணிக் காணாது. பேப்பரிலை வைச்சுப் பொருத்து. தொப்பி முழுசா வந்தாத்தான் விடலாம்."

பத்திரிகைத் தாளை விரித்து, துண்டுகளைத் துடைத்து, உடைந்த சட்டியைப் பொருத்துவதுபோல் பொருத்தினேன். ஒரு பக்கத்தில் நகத்தளவு இடைவெளி இருந்தது. இன்னும் ஒரு சிறு துண்டு உள்ளே. அது தண்டுக்கும் சுவருக்கும் இடையில் போய்ச் சிக்கினால் என்றைக்காவது ஒரு நாள் கியர் ஒன்றில் இறுகி நின்றுவிடக்கூடும்.

ஈர்க்கில் அது அகப்படவில்லை. ஒயிலை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று, ஒரு பெரிய மருந்து சிறிஞ்சில் மெல்லிய குழாயைப் பொருத்தி உறிஞ்சினேன். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கிண்ணத்தின் ஒயில் தனி. கியர் பொக்ஸின் ஒயிலை அடியால் வடித்து மாற்றினாலும் இது மாறாது. லீவரைக் கழற்றினால்தான் இதைத் தொடவே முடியும். அதனால் கார் கம்பனியிலிருந்து வந்த நாளில் ஊற்றிய ஒயிலோடேயே பல கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது 25 மில்லிலீற்றரும் இல்லை. தார் போலக் கறுத்து, விரலில் தேய்த்தால் மிக நுண்ணிய உலோக மினுக்கத்தோடு இருந்தது. மீதி, அறுந்த உறையால் மேலே தெறித்துப் போயிருக்கிறது. நான் காலையில் பல்துலக்கியால் தேய்த்தெடுத்த பசை அதுதான்.

கடைசிச் சொட்டோடு அந்தச் சிறு துண்டும் குழாயின் வாயில் வந்து அடைத்துக்கொண்டது. பேப்பரில் வைத்தேன். பொருந்தியது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் ஈர்க்கை முறித்துக் குப்பையில் போட்டார்.

கொஞ்சம் புது ஒயிலை விட்டு அலசி உறிஞ்சி, மீண்டும் ஒரு தரம் அலசினோம். அப்போதுதான் அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தைப் பற்றிப் பேசினார். குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது, ஆகவே சூப்பி என்று சொல்லப்படும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதைக் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரால் கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். "ஒயிலும் இல்லை, சாமானும் இல்லை. றபர் சாமான் போனா ரயரை வெட்டித்தான் செய்தம். இந்தத் தொப்பி மாதிரி ஒண்டு போயிருந்தா, தடிச்ச பிளாஸ்ரிக்கிலை கடைஞ்சு போட்டிருப்பம்," என்றார். கடையில் வாங்கிய புதுத் தொப்பியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் வாயில் சுத்தமான துணியைத் திணித்து, மேலே பிளாஸ்ரிக் பையைக் கட்டி, அன்றைக்கு நிறுத்தினோம். திறந்த வாயை ஒரு நிமிடமும் சும்மா விடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஒரு போல்ற் உள்ளே விழுந்தால் காந்தம் எடுக்கும், ஆனால் அது எங்கே போய் விழும் என்பதை யார் கண்டது.

ஞாயிறு காலை பூட்டும் வேலை. புதுத் தொப்பி மூக்கில் ஏறவில்லை. நைலோன் இறுக்கம். கொதித்து இறக்கிய நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துடைத்து, பெருவிரலால் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்காமல் விடாதீர்கள். அரைகுறையாக ஏறியிருந்தால் லீவரை இறக்கும்போது கழன்று மீண்டும் கிண்ணத்தின் அடிக்கே போய்விடும்.

லீவரின் உருண்டையையும் வளையங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தியிருந்தேன். தேய்மானம் பெரிதாக இல்லை, மினுமினுப்பு மட்டும். புதுச் சின்ன உறையை லீவரில் ஏற்றுவதுதான் கைவலிக்கும் பகுதி. அதன் கழுத்து லீவரைவிடக் குறுகல், அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே சிலிக்கோன் கிறீஸைப் பூசி, திருகித் திருகி இறக்கினேன். ஸ்குறூ டிறைவரால் நெம்பினால் கிழிந்துவிடும், விரல் மட்டும்தான்.

துணியை எடுத்து, அளவுக் குவளையில் 80 மில்லிலீற்றர் புது ஒயிலை அளந்து சிறிஞ்சால் விட்டேன். தேன் நிறத்தில் தண்டை மூடிக்கொண்டு நின்றது. தொப்பியிலும் உருண்டையிலும் மெல்லக் கிறீஸ் பூசி, தகடு உட்காரும் விளிம்பில் ஒயில் தாங்கும் பசையை நூல் தடிப்பில் ஒரு சுற்றுப் போட்டு, லீவரை இறக்கினேன்.

போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் தகட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர் நின்றது. போல்ற்றைப் பூட்டினால் தகடு தானாக இறங்கும் என்று நினைத்து முதல் போல்ற்றில் சொக்கற்றை வைத்தேன்.

"அமத்தாதை," என்றார் சித்தப்பா. "அது தானாப் போய் இருக்கோணும். எடு வெளியிலை."

எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நேற்று ஈர்க்காலும் சிறிஞ்சாலும் துழாவியபோது கீழே இருந்த தண்டு நடு நிலையிலிருந்து சற்று முன்னால் நகர்ந்திருக்கிறது. மூக்கு குழிக்குள் போகாமல் அதன் விளிம்பில் ஏறி நின்றது. அப்படியே போல்ற்றை இறுக்கியிருந்தால் புதுத் தொப்பி நசிந்திருக்கும், அல்லது அலுமினியத்தில் இருக்கும் மரை உருவியிருக்கும். நீண்ட ஸ்குறூ டிறைவரின் நுனியில் துணி சுற்றி, தண்டை மெல்லத் தள்ளினேன். உள்ளே ஒரு சின்னப் பிடிப்பு விட்டு, நியூற்றலில் வந்து நிற்பது கையில் தெரிந்தது. குழி இப்போது கிண்ணத்தின் நேர் நடுவில். லீவரை இறக்கினேன். இந்த முறை தன் பாரத்திலேயே இறங்கி, தகடு விளிம்போடு சேர்ந்தது.

மூன்று போல்ற்றையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, பிறகு ஒன்றுக்கு அரைச் சுற்று, அடுத்ததற்கு அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்கினேன். சின்னப் போல்ற்றுகள், மெல்லிய அலுமினியம். குட்டை றாட்சற்றைக் கழுத்தருகே பிடித்து மணிக்கட்டால் இறுக்கினால் போதும், தோள்பலம் வேண்டாம்.

கொன்சோலை மூடும் முன் எஞ்சினைப் போடாமலே கிளச்சை அமத்தி எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, றிவேஸ். ஒவ்வொன்றும் ஒரு சிறு தட்டோடு உள்ளே போனது. மூன்றாம் கியரில் வைத்து இடம் வலமாக ஆட்டினேன். இரண்டு விரலகலம் ஆடிய இடத்தில் இப்போது ஒரு மயிரிழைதான். பிறகு எஞ்சினைப் போட்டு மீண்டும் ஒரு தரம். அதற்குப் பிறகுதான் பெரிய உறை, இரும்பு வளையம், நாலு போல்ற். பெரிய உறையின் உதடு தரைத் தகட்டோடு முழுச் சுற்றும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மடிந்திருந்தாலும் சுடுகாற்று அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். கொன்சோல், வயர், ஸ்குறூக்கள், பிடி, கடைசியாகப் பற்றறி.

ஓடிப் பார்க்கச் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். மோர்னிங்சைட்டால் ஏறி, ஷெப்பர்ட்டில் திரும்பி, மிருகக்காட்சிச்சாலைப் பக்கம் மெடோவேல் வீதியால் வந்தோம். மேற்கூரையைத் திறந்திருந்தோம். நாலாயிரம் சுற்றில் லீவர் இரையவில்லை. அது இல்லாமல் எஞ்சினின் சத்தம் வேறு காரின் சத்தம்போலக் கேட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது, நியூற்றலைக் கடக்கும் அந்த இடத்தில், முன்பு எதுவும் தெரியாத ஒரு வெற்றிடம் இருந்தது. இப்போது அங்கே ஒரு மெல்லிய படி தெரிகிறது. அந்தப் படியை உணர்ந்ததும் கை தானாக மூன்றாம் கியரை நோக்கிப் போகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தக் காரை வாங்கிய அன்று, ஓடிப் பார்த்துவிட்டு விலைபேச மறந்து இறங்கி நின்றதற்குக் காரணம் இந்த உணர்வுதான். அது எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

வலது கால் குளிர்ந்தே இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் சித்தப்பா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். எஞ்சின் போடவில்லை. கிளச்சை அமத்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்டு மீண்டும் இறக்கினார். இரண்டு தரம் செய்தார். "நல்லாய்த்தான் இருக்கு," என்றுவிட்டு இறங்கி, மிச்சமாய் இருந்த கிறீஸ் டப்பாவைத் தன் வீட்டுக் கதவு கிரீச்சிடுகிறது என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு கிழமை கழித்துத் தோல் உறையைத் தூக்கி, பெரிய உறையின் ஓரத்தில் வெள்ளை ரிஷூவால் துடைத்துப் பார்த்தேன். ஒயில் இல்லை. காலைக் குளிரில் முதல் இரண்டு கிலோமீற்றருக்கு இரண்டாம் கியர் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. இந்தப் பொக்ஸுகளுக்கு அது பழைய பழக்கம், ஒயில் சூடாகும்வரை அப்படித்தான். ஆனாலும் பொக்ஸின் ஒயிலை நான் வாங்கியதிலிருந்து ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன். போத்தலில் மீதி இருக்கும் ஒயில் அதற்குக் காணாது. இன்னும் இரண்டு லீற்றர் வாங்க வேண்டும். அடியிலுள்ள வடி போல்ற்றைத் தொடும் முன் மேலே ஊற்றும் போல்ற் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். வடித்துவிட்டு ஊற்ற வழி இல்லாமல் நிற்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை அந்த வேலை.